வயதான சிங்கிள் மால்ட்டா? ஐஸைத் தள்ளி வையுங்கள்

லகவூலின் 16 மாதிரி நன்கு வயதான ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) கிடைத்தால் ஐஸும் சோடாவும் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். நாம் காசு கொடுப்பதே அந்த வாசனைக்குத்தான். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் சிறிதளவு ஊற்றி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் காரம்தான் ஏறும்.

முதல் வாய் அப்படியே. நாக்கில் கொஞ்ச நேரம் உருட்டி விழுங்குங்கள். அடுத்து, சாதாரணத் தண்ணீரை ஸ்பூனால் சில சொட்டு விட்டு மறுபடி முகருங்கள். லகவூலின் பிறந்த ஸ்காட்லாந்தின் ஐலா தீவு பேர்போன பீட் (எரிபொருளாகும் சதுப்பு நில மண்) புகைவாசனைக்கு அடியில் ஒளிந்திருந்த உலர்பழ இனிப்பு மெல்ல மேலே வரும். போதவில்லையா, இன்னும் இரண்டு சொட்டு. மொத்தமாக ஊற்றிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

நிறத்தைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. லேபிளில் உள்ள 16, உள்ளே இருப்பதில் மிக இளைய விஸ்கியின் வயது. அதுவும் ஓக் பீப்பாயில் கழித்த காலம்தான். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது, பரணில் பூட்டி வைத்துப் பயனில்லை.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.