பனங்கொட்டை முளைக்க வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை அக்காவின் மகன் வளவில் கறுப்புப் பொலித்தீன் பைகளை அடுக்கி, பைக்கு ஒரு பனங்கொட்டையாகப் புதைத்துக்கொண்டிருந்தான். "முளைச்சதும் எடுத்து வேலியோரம் நடலாம் மாமா" என்றான். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். நுங்குப் பருவக் காய் முளைக்காது, தானாகப் பழுத்து விழுந்ததையே பொறுக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

களியோடு புதைப்பது

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். முழுப் பழமாகப் புதைத்தால் கொட்டையைச் சுற்றியுள்ள களி (பழச்சதை) அழுகிப் புழு வைக்கும், முளைகளும் ஒன்றையொன்று நெருக்கும். பணியாரத்துக்கோ, களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டுக்கோ களி பிசைந்தபின் மிஞ்சும் கொட்டையே போதும். நெருப்பில் சுட்ட பழத்தின் கொட்டையை மட்டும் நான் விதைக்கு எடுப்பதில்லை.

வெயிலில் காயப் போடுவது

வேண்டாம். நிழலில் வைத்து, அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுங்கள்.

முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கிழங்குப் பாத்தியில் நன்றாக முளைத்திருந்த நாற்பதை அலவாங்கால் கிளப்பி, வேலியோரம் நட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பங்குனி வெயிலோடு நாற்பதும் போயின. ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

பெரும்பாலான விதைகளைப் போலன்றி, பனங்கொட்டையின் முளை கொட்டைக்குப் பக்கத்திலேயே குருத்து விடுவதில்லை. சில வாரங்களில் கொட்டையிலிருந்து வெள்ளையாக, விரல் மொத்தத்தில் ஒரு குழல் வெளிவந்து நேரே கீழே இறங்கும். வருங்காலப் பனையின் உயிர்முளை அந்தக் குழலின் நுனியில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் ஆழத்தில் போய்த்தான் அது வேர் விட்டுக் கிழங்காகத் திரளும். மேலே கொட்டைக்குள் நாம் தோண்டித் தின்னும் பஞ்சு போன்ற பூரான், அந்தக் கிழங்குக்குச் சாப்பாடு உறிஞ்சிக் கொடுக்கும் உறுப்பு. நான் தோண்டியதில் கிழங்கின் அடி நசுங்கி, வேர்கள் அறுந்து, நுனி கறுத்திருந்தது. பைக்குள் வைத்தாலும் இதே கதைதான்: இறங்கி வரும் குழல் அடியில் முட்டி வளைந்துவிடும்.

ஒடியலுக்கும் (காயவைத்த பனங்கிழங்கு) புழுக்கொடியலுக்கும் (அவித்துக் காயவைத்தது) பாத்தி போடுங்கள், அது வேறு விசயம். மரம் வேண்டுமென்றால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள். பத்தடிக்கு ஒரு குழி. இரண்டடி ஆழத்துக்கு மண்ணை இளக்கி, கொட்டைக்கு மேல் நாலு விரல் மண் போட்டால் சரி. பனம்பழம் வருடத்தில் ஒரு பருவம்தான் விழும். இதில் பிழை விட்டால் ஒரு வருடம் போய்விடும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனை பனைகளைத் தறித்தார்கள் என்று கண்ணால் கண்ட எங்களுக்கு அந்த ஒரு வருடம் சின்ன விசயமில்லை.

தோண்டித் தோண்டிப் பார்ப்பது

மண்ணுக்கு மேலே மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கீழே வேலை நடந்துகொண்டிருக்கும். கிளறாதீர்கள்.

பெண் பனை மட்டும் வேண்டும் என்பது

பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். கூடுதலாக விதையுங்கள்.

தினமும் தண்ணீர்

தேவையில்லை. புரட்டாசியில் புதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மாரி பார்த்துக்கொள்ளும்.

ஆடு மாட்டை மறப்பது

முதல் ஓலை விரிந்ததும் ஆடு தேடி வரும். குழியைச் சுற்றிக் கருக்குமட்டையை (ஓரம் பல்லுப் பல்லான பனைமட்டை) நெருக்கமாக ஊன்றிவிடுங்கள். மருமகன் பைகளைக் கொட்டிவிட்டு இப்போது வேலியோரம் குழி வெட்டுகிறான். மட்டை வெட்ட நாளைக்கு நானும் போகிறேன்.