கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி: காரில் ஆம்ப்ளிஃபயரை நாமே பொருத்துவது எப்படி?

என் அப்பா நாற்பது ஆண்டுகள் தவில் வாசித்தவர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் அவர் வாசித்ததில் கொஞ்சத்தை அந்தக் காலத்து கேசட்டில் பிடித்து, பிறகு கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அவற்றை என் 2015 மாடல் ஸ்விஃப்ட்டில் போட்டால் வலந்தலைச் (விரல்களால் வாசிக்கும் வலப்பக்கம்) சொற்கள் தகர டப்பாவில் விழுவதுபோலக் கேட்கும். பூவரசங் குச்சி தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழுகிற அடியோ காதுக்கே எட்டாது. அந்த அடியைக் காருக்குள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஸ்பீக்கருக்குக் கூடுதல் சக்தி தரும் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்த, முதலில் காரை ஒரு கடையில்தான் கொடுத்தேன். அரை நாளில் முடித்துத் தந்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பேட்டரியைத் துடைக்க பானெட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சிவப்பு வயர், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் எதுவும் இல்லாமல், தகட்டில் துளைத்த ஓட்டையின் வெறும் விளிம்பை உரசிக்கொண்டு உள்ளே போயிருந்தது. மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் அந்தச் செம்பு காரின் உடலைத் தொட்டிருக்கும். ஃபியூஸ் இல்லாத வயர் பேட்டரியோடு நேராக ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் சிவந்து எரியும். பின்னிருக்கையில் என் குழந்தைகள் உட்காரும் வண்டி அது. அன்றைக்கே அத்தனையையும் பிரித்து எடுத்தேன். பிறகு ஒரு சனி, ஞாயிறு செலவழித்து நானே முதலிலிருந்து பொருத்தினேன்.

வாங்கும்போது டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸை மறந்துவிடுங்கள். அது நொடிப்பொழுது உச்சம். ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தாங்கும் அளவு. நான் வாங்கியது நான்கு சேனல் (ஸ்பீக்கருக்கான தனித்தனி வெளியீடு) கொண்ட, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிஃபயர். 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்எம்எஸ். முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர், அதாவது கீழ்ச்சுருதிக்கு வூஃபர் தனியாகவும் மேல்சுருதிக்கு ட்வீட்டர் தனியாகவும், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு கிராஸ்ஓவருடனும் வருவது. பின்கதவில் கம்பெனி ஸ்பீக்கரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்னால் உட்கார்ந்து கேட்பவருக்குப் பின் ஸ்பீக்கர் அவ்வளவு முக்கியமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இவையெல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். கம்பெனி ஸ்டீரியோவை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் 'ஹை லெவல்' இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்கினால் போதும்.

ஸ்பீக்கருக்குக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பாதியைக் கதவுக்கும் வயருக்கும் எடுத்து வையுங்கள். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். நான்கு சேனலுக்கும் சேர்த்து 200 வாட்ஸ் வெளியே வர, கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் சுமார் 250 வாட்ஸ் உள்ளே இழுக்கும். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் 18 ஆம்பியருக்குச் சற்று மேல். இதை ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரில் 4 மீட்டர் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும், வயரும் சுடும். 10 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் அந்த இழப்பு சுமார் 0.13 வோல்ட்தான். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிட் என்று பையில் போட்டு மலிவாக விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சுத்தச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது கடத்தாது.

வேலையைத் தொடங்கும்முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எப்போதும் நெகட்டிவ் முதலில். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கழற்றிய பிறகு பத்து நிமிடமாவது காத்திருங்கள். ஏர்பேக் சுற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும். மஞ்சள் நிறக் கப்ளர்களும் (வயர்களை இணைக்கும் செருகிகள்) மஞ்சள் உறை போட்ட வயர்களும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவே கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம். அங்கே கையை வைக்கக் கூடாது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை ஓடுகிற 4 மீட்டர் வயரைக் காப்பாற்றுவது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்தான். நான் 30 ஆம்பியர் போட்டிருக்கிறேன். எல்லா வேலையும் முடிந்து சோதிக்கும்வரை அந்த ஃபியூஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாகத் துளையிடாதீர்கள். கம்பெனி வயர்க்கட்டு உள்ளே போகும் இடத்தில் ஒரு பெரிய ரப்பர் வளையம் இருக்கும். அதன் ஓரத்தில் சிறு கீறல் போட்டு, சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை நுழைத்து, அதன் நுனியில் வயரை டேப் சுற்றி உள்ளே இழுத்தேன். பிறகு மழைத்தண்ணீர் இறங்காமல் சிலிகான் வைத்து அடைத்தேன். உள்ளே வந்ததும் வயரைக் கதவோரப் படிக்கட்டின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஓட்டி, சிக்னல் வயரைக் காரின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒரு கீச்சொலி கூடவே ஏறி இறங்கக்கூடும்.

ஆம்ப்ளிஃபயரை முன் பயணியின் இருக்கைக்கு அடியில் வைத்தேன். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் சேருவது அந்தப் பக்கத்து மிதியடிக்குக் கீழேதான். அதனால் வார்னிஷ் அடித்த ஒட்டுப்பலகைத் துண்டில் ஆம்ப்ளிஃபயரைத் திருகி, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தியிருக்கிறேன். தரைத்தகட்டில் ஸ்க்ரூ இறக்கக் கூடாது. அதற்குக் கீழே பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன.

எர்த் வயர்தான் பலருக்குத் தொல்லை தருவது. பவர் வயரின் அதே தடிமன், அரை மீட்டருக்குள் நீளம். உடல் தகட்டில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல் மின்னும்வரை சுரண்டி, வயர் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, போல்ட் இறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவ வேண்டும். நான் முதல் தடவை சீட் போல்ட்டின் அடியில் லக்கைச் செருகிவிட்டேன். அங்கே பெயிண்ட் இருந்தது. ஒலியைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் அணைந்து அணைந்து எரிந்தது. சீட் போல்ட் விபத்தில் உங்களைப் பிடித்து வைக்கும் போல்ட். அதன் இறுக்கத்தோடு விளையாடக் கூடாது என்று பிறகுதான் உறைத்தது. மறுநாள் தனி இடம் பார்த்துச் சுரண்டி மாற்றினேன்.

ஸ்டீரியோவின் பின்னால் கம்பெனி வயரை வெட்டாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்று ஆணும் பெண்ணுமாகக் கப்ளர்கள் விற்கிறார்கள். அதை இடையில் செருகி, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை மறுபடி கம்பெனி வயர் வழியாகவே கதவுக்கு அனுப்பலாம். அந்த மெல்லிய வயர் தாங்குமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 50 வாட்ஸ், 4 ஓமுக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை ஆம்பியர்தான், தாராளமாகத் தாங்கும். கதவு மடிப்பின் ரப்பர் குழாயில் புது வயர் நுழைக்க மணிக்கணக்கில் போராடுவது இந்தச் சக்திக்குத் தேவையற்றது.

இனிக் கதவு. என் இரண்டு நாள் உழைப்பில் ஒன்றரை நாள் இதற்குத்தான் போனது.

தவிலின் கட்டையைப் பலாமரத்தில் ஏன் கடைகிறார்கள்? தோல் மட்டும் பேசாது. அதைத் தாங்கும் உடல் கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால்தான் தொப்பியின் அடி கனமாக எழும். ஸ்பீக்கரின் கூம்பும் அப்படித்தான். முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் கைவிடுமளவு ஓட்டைகள் இருந்தால் முன்காற்றும் பின்காற்றும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ்ச்சுருதிதான் முதலில் சாகும். அதனால் ஆம்ப்ளிஃபயரைவிடக் கதவை அடைப்பதுதான் பெரிய மாற்றம் தருகிறது. இதை நான் சோதித்தே பார்த்தேன்: ஒரு கதவை அடைத்து, மற்றதைத் திறந்தபடி விட்டு, அதே பதிவைப் போட்டேன். அடைத்த பக்கத்தில் தொப்பி இருந்தது, மற்றதில் இல்லை.

கைப்பிடிக் குழியிலும் ஆர்ம்ரெஸ்ட்டிலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரத்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் கதவின் உள்பலகை வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும், கிளிப் உடையும். உதிரி கிளிப் பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலித்தீன் தாளை மெதுவாக உரித்து, வெளித்தகட்டின் உட்புறத்தைச் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தகட்டின் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, சிறு ரோலரால் அழுத்தி உருட்டுங்கள். தார் கலந்த மலிவு ஷீட் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இளகி வழியும், நாறும், வேண்டாம். வெளித்தகடு முழுக்க மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் அவசியம், மற்ற இடத்தில் பாதி போதும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி வைத்து, அதன் மேல் ஷீட்டை ஒட்டுங்கள். கண்ணாடி ஏற்றும் கம்பிகளுக்கு இடம் விடுங்கள். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிதுளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கரைத் திருகுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிப் பாருங்கள். காந்தத்தின் பின்பக்கத்தில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவைத்துச் சோதித்தேன். கண்ணாடி இறங்கியபோது களிமண் நசுங்கவில்லை என்றால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இடம் போதாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்பேசர் வளையம் போடலாம். மரநார்ப் பலகையான எம்டிஎஃப் வளையம் ஈரத்தில் ஊதிவிடும்.

ட்வீட்டரை, வெளியே பக்கக் கண்ணாடி பொருத்திய மூலையின் உட்புற முக்கோணத்தில் வைத்தேன். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் முன்தூணில் ட்வீட்டர் வைக்காதீர்கள். விபத்தில் ஏர்பேக் விரியும் வழி அது. கிராஸ்ஓவரை உள்பலகைக்கும் அடைத்த தகட்டுக்கும் நடுவில், தண்ணீர் படாத பக்கத்தில் கட்டினேன்.

எல்லாம் முடித்து ஃபியூஸைப் போட்டு, அப்பாவை உட்காரவைத்துப் பதிவைப் போட்டேன். அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "வலந்தலை நன்றாக இருக்கிறது. தொப்பி உள்வாங்குகிறதே" என்றார். நான் அளவுகளையெல்லாம் பார்த்துத் திருப்தியாக இருந்தேன். அவருடைய காது ஒப்பவில்லை. ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டையை எடுத்து, கப்ளர் பக்கத்தில் வூஃபர் வயரின் பிளஸ்ஸில் பிளஸ்ஸையும் மைனஸில் மைனஸையும் நொடிநேரம் தொட்டுப் பார்த்தேன். வலக்கதவில் கூம்பு முன்னால் வந்தது. இடக்கதவில் பின்னால் போனது. கப்ளரில் இரு வயரும் மாறியிருந்தன. ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுத்தால் கீழ்ச்சுருதி கரைந்துபோகும். மாற்றிச் செருகியதும் அடி எழுந்தது. இந்தச் சோதனையை உள்பலகையை மாட்டும் முன்பே செய்துவிடுங்கள். நான் மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயர் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கட்டையைத் தொடவேண்டும். ட்வீட்டரில் நேரடியாகத் தொடக் கூடாது.

கடைசியில் கெயின். இது ஒலி கூட்டும் குமிழ் அல்ல; ஸ்டீரியோவின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் குமிழ். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, பேஸ், ட்ரெபிள் எல்லாம் சுழியத்தில் வைத்து, கீழ்ச்சுருதியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை அணைத்து, ஸ்டீரியோ ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றி, 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அந்த அதிர்வெண் வரை ஏசி (மாறுமின்) வோல்ட்டைச் சரியாகக் காட்டும். 50 வாட்ஸையும் 4 ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1. குமிழைக் கீழிருந்து மெல்ல ஏற்றி 14 வோல்ட்டில் நிறுத்துங்கள். பின்சேனல்களைக் கம்பெனி ஸ்பீக்கர் தாங்கும் அளவுக்குக் குறைவாக வையுங்கள். பிறகு ஸ்பீக்கரை மாட்டி, ஹைபாஸை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். அதற்குக் கீழே ஆறரை அங்குலக் கூம்பு வீணாகத் துள்ளித் திணறுமே தவிர பெரிதாக ஒலி தராது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரி முனையையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் சத்தமாகக் கேட்டபின் ஹோல்டர் சுட்டால் லக் சரியாக அழுத்தப்படவில்லை என்று பொருள். வெட்டிப் புதிதாக அழுத்துங்கள். எர்த் போல்ட்டை இன்னொரு முறை இறுக்குங்கள். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பில்லைக் காட்டி, கூடுதல் மின்சாதனம் என்று பாலிசியில் எழுதச் சொல்லுங்கள்.