பப்பாளிப் பழத்தை உண்டு முழுப் பயன் பெறுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பப்பாளி உடலுக்கு நல்லது என்று சொல்லாதவர் இல்லை. ஏன் நல்லது என்று கேட்டால், அதில் உள்ள பப்பைன் என்னும் நொதி உணவைச் செரிக்கச் செய்கிறது என்ற விடையே பெரும்பாலும் வரும். அந்த விடை பாதிதான் சரி. பப்பைன் மிகுதியாக இருப்பது பச்சைக் காயின் தோலைக் கீறினால் முத்து முத்தாகத் துளிர்க்கும் வெண்ணிறப் பாலில். இறைச்சியை மென்மையாக்கும் பொடிகளுக்காக அது எடுக்கப்படுவதும் அந்தப் பாலிலிருந்துதான். காய் கனியக் கனியப் பால் வற்றிவிடுவதால், நன்கு பழுத்த பழத்தில் எஞ்சும் பப்பைன் மிகக் குறைவு. பழத்துக்கு வேறு நன்மைகள் உள்ளன, அவை சிறியவையும் அல்ல. காயின் குணத்தைப் பழத்தின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, பழம் உண்மையில் தருவதை முழுமையாகப் பெறும் வழியை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பழத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிதல்

பழுத்த பப்பாளியின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 88 கிராம் நீரே. மீதியில் சுமார் 8 கிராம் சர்க்கரையும், 1.7 கிராம் நார்ச்சத்தும், 60 மில்லிகிராம் வைட்டமின் சியும், 180 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன; கிடைக்கும் ஆற்றல் 43 கலோரி அளவுதான். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து பரிந்துரைத்துள்ளபடி வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை என்பதால், ஒரு சிறு கிண்ணம் பழமே அந்தத் தேவையை நிறைவு செய்துவிடுகிறது. புதிய உயிரணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட்டும் ஓரளவு உண்டு.

சதையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு நிறங்களைத் தரும் பீட்டா கரோட்டினையும் பீட்டா கிரிப்டோசாந்தினையும் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண் பார்வைக்கும் தோலின் நலத்துக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் அது வேண்டும். செந்நிறச் சதை கொண்ட வகைகளில், தக்காளிக்குச் சிவப்பைத் தரும் அதே லைக்கோபீன் கூடுதலாக இருக்கிறது. லைக்கோபீன் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. எனவே மஞ்சள் சதைப் பழம் கிடைத்தால் அதைத் தரம் குறைந்ததென ஒதுக்கத் தேவையில்லை.

படி 2: பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையினர் பெரிதும் ஏமாறுவது இந்தப் படியில்தான். வாழையைப் போலப் பப்பாளியும் பறித்த பிறகு பழுக்கும் என்பது உண்மையே. ஆனால் வாழைக்காயில் நிறைந்திருக்கும் மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. பப்பாளிக் காயிலோ அப்படி மாறுவதற்கு மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. அதன் இனிப்பு மரத்தில் இருக்கும் காலத்திலேயே சேர்ந்துவிட வேண்டும். முற்றும் பச்சையாகப் பறித்த காயை எத்தனை நாள் வைத்தாலும் அது மெத்தென்று ஆகுமே தவிர இனிக்காது. அப்படிப்பட்ட காய்களைப் பொறுமையாகக் காத்திருந்து நறுக்கி, சப்பென்ற சுவையைக் கண்டு பலமுறை வருந்தியிருக்கிறேன்.

ஆகவே அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ குறைந்தது ஒரு மஞ்சள் கீற்றாவது தோன்றியிருக்கும் காயை எடுக்க வேண்டும். அன்றைக்கே உண்பதாக இருந்தால், தோலின் பெரும்பகுதி மஞ்சளாகி, கட்டைவிரலால் மெல்ல அழுத்தும்போது சற்றே உள்வாங்கும் பழம் ஏற்றது. காம்புப் பக்கம் முகர்ந்தால் மெல்லிய இனிய மணம் வரும். புளித்த வாடை வந்தால் தவிர்க்கவும். தோலில் உள்ள சிறு புள்ளிகளால் குறையில்லை. விரல் பட்டதும் நீர் கசியும் குழிகளும், பூஞ்சை படர்ந்த காம்புமே ஆகாதவை.

படி 3: கனிய வைத்தல்

கீற்று விழுந்த காயை வெயில் படாத இடத்தில், அறை வெப்பநிலையில் வைத்தால் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள் கனிந்துவிடும். விரைவாகக் கனிய வேண்டுமானால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்துடன் சேர்த்து வைக்கலாம். அதிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு கனிதலைத் தூண்டும். கனியாத காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, ஏனெனில் கடுங்குளிரில் அதன் கனியும் தன்மையே பழுதாகி, சதை பிற்பாடும் சீராகப் பழுக்காமல் போகும். கனியக் கனியக் கரோட்டின் நிறமிகள் பெருகுவதால், இந்த ஓரிரு நாள் பொறுமை சுவைக்காக மட்டும் அன்று.

படி 4: கழுவுதலும் நறுக்குதலும்

தோலைத்தான் சீவி எறியப்போகிறோமே என்று கழுவாமல் கத்தியை வைக்க வேண்டாம். தோலில் உள்ள அழுக்கையும் கிருமிகளையும் கத்தியின் முனையே சதைக்குள் கொண்டு சேர்த்துவிடும். ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடைத்த பின், இரு முனைகளையும் வெட்டி, பழத்தைப் பலகையில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து கீழாகத் தோலை மெல்லியதாகச் சீவவும். தோலை ஒட்டிய பகுதியில் பச்சை நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் சற்று ஆழமாகவே சீவலாம்.

பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், வழவழப்பான உறைக்குள் பொதிந்த கருநிற விதைகள் நடுக்குழியில் திரண்டிருக்கும். கரண்டியின் விளிம்பால் ஒரே இழுப்பில் அவற்றை வழித்து எடுத்து, குழியின் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தையும் சுரண்டிவிடவும். மிளகைப் போலக் காரமாக இருக்கும் இந்த விதைகளை மருந்தென்று அரைத்துக் குடிக்குமாறு சிலர் அறிவுறுத்துகிறார்கள். மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

படி 5: எவ்வளவு, எப்படி, எதனுடன் உண்பது

ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், அதாவது சுமார் 150 கிராம், நல்ல தொடக்க அளவு. நாளொன்றுக்குக் காய்களும் பழங்களுமாகச் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அதில் ஒரு பங்கைப் பப்பாளி ஏற்கலாம், முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. வைட்டமின் சி வெப்பத்தில் சிதைவதால் பழத்தைச் சமைக்காமல் அப்படியே உண்பதே சிறந்தது. சாறாக அரைத்து வடிகட்டினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

வெறும் வயிற்றில் உண்டால்தான் பலன் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. உணவோடு சேர்த்து உண்பதில்தான் இரண்டு தெளிவான ஆதாயங்கள் உள்ளன. பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. அதே வேளையில் வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சும் அளவு கூடுகிறது. கரோட்டின்கள் கொழுப்பில் கரைபவை என்பதால், உணவில் உள்ள சிறிதளவு எண்ணெயோ கொட்டைகளோ அவை உடலில் சேரத் துணைபுரிகின்றன. இரத்தசோகை உள்ளவர்கள் இந்தச் சேர்க்கையை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஆனால் மருத்துவர் தந்த மாத்திரைக்கு அது மாற்றாகாது.

மலச்சிக்கலுக்காக உண்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே வேலை செய்வது பழத்தின் நார்ச்சத்தும் நீரும்தான். ஒரே நாளில் அரைப் பழத்தை உண்டு வயிறு கலங்குவதைக் காட்டிலும், ஒரு கிண்ணத்தை நாள்தோறும் போதிய தண்ணீருடன் உண்பது பயன் தரும்.

படி 6: கவனம் தேவைப்படுவோர்

கருவுற்ற பெண்கள் பச்சைக் காயையும் செங்காயையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவற்றின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்வது விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நன்கு பழுத்த பழத்தில் அந்தப் பால் மிகக் குறைவாக இருந்தாலும், அதைப் பற்றியும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மன அமைதி தரும்.

ரப்பர் கையுறை பட்டால் தடிப்போ அரிப்போ வருபவர்களுக்குப் பப்பாளியும் ஒவ்வாமல் போகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு கூறப்பட்ட சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு, சாறாக அல்லாமல் துண்டுகளாக உண்டு, சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்த்துத் தங்களுக்கான அளவை அறிந்துகொள்ளலாம். மிகுதியாகத் தொடர்ந்து உண்பவர்களின் உள்ளங்கை மஞ்சளாகத் தோன்றினால் அது கரோட்டின் சேர்ந்ததால் இருக்கக்கூடும். அளவைக் குறைத்தால் தானே மறையும். கண்ணின் வெண்மையும் மஞ்சளானால் அது வேறு சிக்கல், உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

படி 7: மீதியைச் சேமித்தல்

நறுக்கிய துண்டுகளை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் உண்டுவிடவும். பாதிப் பழத்தை மட்டும் வைப்பதாக இருந்தால், தோலைச் சீவாமல், விதைகளை நீக்கி, வெட்டுமுகத்தைக் காற்றுப் படாமல் மூடி வைத்தால் சதை காயாமல் இருக்கும்.