துன் சம்பந்தனில் மோனோரயில் ஏறுவது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து கோலாலம்பூர் வரும் பெரியவர்கள் பலர், பிரிக்பீல்ட்ஸில் தலைக்கு மேல் ஓடும் மோனோரயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு டாக்சியைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். 2003 ஆகஸ்டு 31 முதல் ஓடும் இந்தப் பாதை 8.6 கிலோமீட்டர் நீளம், நிலையங்கள் 11, கிளைப் பாதை கிடையாது. போகும் திசை மட்டும் பிடிபட்டால் போதும். பழகிப் பார்க்க, பிரிக்பீல்ட்ஸில் உள்ள துன் சம்பந்தன் நிலையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் நிலையத்துக்குப் போவோம்.

1. ஏறுமுன் திசையை முடிவு செய்யுங்கள். ஒரு முனை கேஎல் சென்ட்ரல், மறுமுனை தித்திவங்சா. பலகைகளில் இந்த இரண்டு பெயர்களைத்தான் தேட வேண்டும். துன் சம்பந்தனுக்கு ஒரு பக்கம் கேஎல் சென்ட்ரல் மட்டுமே இருக்கிறது. மற்ற ஒன்பது நிலையங்களும் தித்திவங்சா பக்கம். நமக்கும் அதுதான். இரு திசைக்கும் மேடை வேறு வேறு என்பதால், படியிலோ மின்தூக்கியிலோ கால் வைக்குமுன் பலகையைப் படியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

நிலையத்தின் பெயரையும் ஒரு நிமிடம் நின்று படிக்கலாம். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சித் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியவர். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் இதைச் சொல்லுங்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

2. டிக்கெட். முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் டச் அண்ட் கோ அட்டை இருந்தால் நுழைவாயிலில் தொட்டுவிட்டு உள்ளே போகலாம். அதில் பத்து ரிங்கிட்டாவது இருக்கட்டும். அட்டை இல்லாதவர்கள் இயந்திரத்தில் இறங்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் போட்டால் பிளாஸ்டிக் டோக்கன் வரும். அதையும் தொட்டுத்தான் நுழைய வேண்டும். ஒருவருக்கு ஒரு டோக்கன். பயணம் முடியும்வரை பத்திரம்.

3. மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறுங்கள். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தின் மேல் ரப்பர் சக்கரங்களில் ஓடும் வண்டி இது. வளைவுகளில் சற்றுச் சாயும். பயப்பட ஒன்றுமில்லை. உத்தரத்தின் இரு பக்கங்களையும் அணைத்தபடி ஓடும் பக்கச் சக்கரங்கள் வண்டியை விலகவிடாது. சன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள், நகரத்தை இந்த உயரத்தில் பார்ப்பது தனி இன்பம்.

4. மகாராஜாலேலா, ஹங் துவா, இம்பி, அடுத்தது புக்கிட் பிந்தாங். நான்காவது நிறுத்தம். அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் பாதைகளில் ஓடும் எல்ஆர்டி இலகு ரயிலுக்கு மாறுபவர்கள் ஹங் துவாவில் இறங்க வேண்டும்.

5. ‘கெலுவார்’ என்ற பலகை வெளியேறும் வழியைக் காட்டும். அட்டையை மறுபடி தொடுங்கள். டோக்கன் என்றால் வாயிலில் உள்ள துவாரத்தில் போடுங்கள், கதவு திறக்கும். திரும்பி வரும்போது பலகையில் தேட வேண்டிய பெயர் கேஎல் சென்ட்ரல்.