ஐந்து வாட்டில் ஒரு நிலையம்: 40 மீட்டர் மோர்ஸ் கிட்டைக் கட்டுவதும் இயக்குவதும்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் ஹாம் வானொலியில் குறைந்த திறன் என்றால், மோர்ஸ் முறையில் (புள்ளி, கோடு ஒலிகளால்) 5 வாட்டுக்கு மிகாமல் அனுப்புவது என்று பொருள். கடையில் கிடைக்கும் வழக்கமான கருவி 100 வாட் தருகிறபோது இந்த ஐந்து வாட்டால் யாரை எட்ட முடியும் என்று புதியவர்கள் தயங்குவது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தயக்கம் குறையும். நூறு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 13 டெசிபெல். வானொலிகளின் சிக்னல் மீட்டரில் ஓர் அலகு 6 டெசிபெல் என்பதால், 100 வாட்டில் எஸ்-9 என்று கேட்கும் நிலையம் 5 வாட்டில் ஏறத்தாழ எஸ்-7 என்று கேட்கும். அது நன்றாகவே படிக்கக்கூடிய சிக்னல். ஆகவே தொடர்பு கிடைப்பதும் கிடைக்காததும் வாட்டைவிட, கம்பிச் சுற்றுகளை எவ்வளவு கவனமாகச் சுற்றினோம், ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டினோம், அனுப்புவதற்கு முன் எவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டோம் என்பவற்றையே சார்ந்திருக்கிறது. இந்த வழிகாட்டியிலும் அந்த மூன்றுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது, ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்து கியூஆர்பி லேப்ஸ் நிறுவனம் விற்கும் கியூசிஎக்ஸ் பிளஸ் என்ற கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பற்றவைக்கும் தொகுப்பு. இதன் மூல வடிவமான கியூசிஎக்ஸ் 2017-இல் வந்தது. ஓர் அலைவரிசை (இங்கே 40 மீட்டர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்), மோர்ஸ் மட்டும், 3 முதல் 5 வாட் வரை வெளியீடு என்று எல்லை வகுத்துக்கொண்ட கருவி இது. பொடியாக இருக்கும் ஒரு சில ஐசிகள் பலகையிலேயே பொருத்தப்பட்டு வருவதாலும், மற்றவை துளையில் செருகிப் பற்றவைக்கும் பாகங்கள் என்பதாலும் புதியவருக்கும் கை வரும். குரல் வழியாகப் பேச விரும்புகிறவர்கள் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசையைப் பார்க்கலாம். அதன் தொடக்க வடிவத்தில் ஒரு சுருளைச் சுற்றுவதற்குக் குழாய் வாஷரையே அச்சாகப் பயன்படுத்தியிருந்தார். இந்தியக் கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்ட ஒரு வடிவத்தைத் தர முடியும் என்று காட்டிய அந்த உழைப்பின்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

பலகையைத் தொடுவதற்கு முன் உரிமம் பற்றி ஒரு சொல். கேட்பது வேறு, அனுப்புவது வேறு. இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் (நிலையத்தின் அடையாளப் பெயர்) பெற்ற பிறகே ஆன்டெனாவுடன் அனுப்ப வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவை அணுக வேண்டும். கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கான விதிகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. கூர்முனை கொண்ட 25 வாட் சாலிடரிங் அயர்ன், ரோசின் உள்ளடங்கிய 60/40 அல்லது 63/37 ஈயக் கம்பி, டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறு கட்டர், மூக்குக் குறடு, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவை இருந்தால் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். ஈயக் கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலிவான ஈயம் சரியாக ஓடாமல் உருண்டு நிற்கும்; அந்த இணைப்பு வெளிப்பார்வைக்குப் பிடித்திருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே தொடர்பு இருக்காது. அயர்ன் முனையைப் பாகத்தின் காலிலும் பலகையின் வளையத்திலும் ஒரே நேரத்தில் வைத்து, இரண்டும் சூடான பிறகு ஈயத்தை இணைப்பில் தொட வேண்டும், முனையில் அல்ல. ஈயம் காலைச் சுற்றிச் சரிந்து பரவிப் பளபளப்பாக உறைந்தால் இணைப்பு சரி.

பாகங்களைப் பொருத்தும் வரிசையைக் கிட்டின் கையேடு படிப்படியாகச் சொல்கிறது. அதை மாற்றாமல் பின்பற்றுவதே பாதுகாப்பு. மின்தேக்கிகளைப் பிரித்து அடுக்கும்போது அவற்றின் மேல் உள்ள எண்ணைக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். 271 என்றிருந்தால் அது 27-க்குப் பின் ஒரு சுழி, அதாவது 270 பிகோபாரட். 681 என்றிருந்தால் 680. 104 என்றிருந்தால் 10-க்குப் பின் நான்கு சுழி, அதாவது 0.1 மைக்ரோபாரட். டயோடின் வளையக்கோடு, எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் எதிர்முனைப் பட்டை, ஐசியின் முனையிலுள்ள வெட்டு ஆகிய மூன்றையும் பலகையில் அச்சிட்ட படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் பற்றவைக்கக் கூடாது. இரு பக்கமும் தடமுள்ள பலகையில் தவறாக வைத்த ஐசியைக் கழற்றுவது, அதைச் சரியாக வைப்பதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

இந்தக் கிட்டின் உயிர், கம்பி சுற்றும் காந்தப்பொருள் வளையங்களான டொராய்டுகளில் இருக்கிறது. புதியவர்கள் அஞ்சுவதும் இங்கேதான். எனாமல் பூசிய செம்புக் கம்பி வளையத்தின் துளை வழியாக ஒருமுறை சென்றால் அது ஒரு சுற்று. வெளிப்புறத்தில் எண்ணினால் ஒன்று குறைந்தோ கூடியோ போகும். ஆகவே எப்போதும் துளையின் உள்ளே தெரியும் கம்பிகளையே எண்ண வேண்டும். 40 மீட்டர் அலைவரிசைக்கான வெளியீட்டு வடிகட்டியில் மஞ்சள் நிற டி37-6 வளையங்கள் மூன்று வரும். ஓரங்களில் உள்ள இரண்டுக்கும் 21 சுற்று, நடுவில் உள்ளதற்கு 24 சுற்று. சுற்றுகளை நெருக்கி ஒரு பக்கம் குவித்துவிடாமல், வளையத்தின் இரு முனைக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, சீராகப் பரப்பிவிட வேண்டும். இவ்வடிகட்டிதான் 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் எழும் தேவையற்ற மடங்கு அலைகளைத் தடுக்கிறது; இதில் சுற்றுக் கணக்கு தவறினால் வெளியீட்டுத் திறன் குறைவதோடு, மற்றவர்களின் அலைவரிசையில் நாம் இடையூறாகவும் ஆகிவிடுவோம்.

கடினமானது டி1 என்று குறிக்கப்பட்ட மின்மாற்றி. ஒரே வளையத்தில் ஒரு நீண்ட சுற்றும் மூன்று சிறு சுற்றுகளும் இருக்கும். நான்கும் ஒரே திசையில் செல்ல வேண்டும். கையேடு சொல்வதுபோல ஒரே நீளக் கம்பியால் தொடர்ந்து சுற்றி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கண்ணி விட்டு, எல்லாம் முடிந்த பிறகு கண்ணிகளை வெட்டினால் திசை மாறிப்போக வழியில்லை. எந்த முனை எந்தத் துளைக்குப் போகிறது என்பதைப் படத்தோடு இருமுறை ஒத்துப்பாருங்கள். பிறகு எனாமலை நீக்க வேண்டும். பிளேடால் சுரண்டலாம், அல்லது அயர்ன் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி முனையைச் சில நொடிகள் வைத்திருந்தால், மெல்லிய புகையுடன் எனாமல் கருகி, கம்பியின் மேல் வெள்ளி நிறத்தில் ஈயம் ஏறுவதைக் கண்ணால் காணலாம். அந்த நிறம் கம்பியைச் சுற்றி முழுவதும் ஏறும்வரை விடக் கூடாது. பற்றவைத்த பிறகு ஒவ்வொரு சுற்றின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து ஒலி வருகிறதா என்று பாருங்கள். கிட் வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி நீங்காத எனாமலில்தான் போய் முடிகிறது.

வெளியீட்டுக்குப் பயன்படுபவை அருகருகே நிற்கும் மூன்று பி.எஸ்.170 டிரான்சிஸ்டர்கள். கையில் தேங்கும் நிலைமின்சாரத்தால் இவை பழுதாகக்கூடும் என்பதால் எடுப்பதற்கு முன் பூமியோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்வது நல்லது. தட்டையான முகம் பலகையில் படிய, ஒரு வாஷரும் திருகும் கொண்டு இவற்றைப் பலகையோடு அழுத்திவைக்க வேண்டும். வெப்பம் வெளியேற வேறு வழி இல்லை.

மின்சாரம் தருவதற்கு முன், சப்ளை முனைகளுக்கு இடையே குறுக்குத்தடம் (ஷார்ட் சர்க்யூட்) இல்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள். யுபிஎஸ்களில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்கு மிகப் பொருத்தம்: விலை குறைவு, இரைச்சல் இல்லை, வெளியிடங்களுக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் குறுக்குத்தடம் ஏற்பட்டால் அது கம்பியையே எரிக்கும் அளவுக்கு மின்னோட்டம் தரும். எனவே நேர்முனைக் கம்பியில் 1 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்கள் கேட்பானில் ஓயாத இரைச்சலைக் கிளப்பும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

திரையில் எழுத்து தெரிந்துவிட்டால் அடுத்தது சீரமைப்பு. கருவியே ஒரு சோதனைச் சிக்னலை உருவாக்கித் தருவதால் தனி உபகரணம் வேண்டியதில்லை. முதலில் நுழைவு வடிகட்டியின் டிரிம்மரை (திருகித் திருப்பும் சிறு மின்தேக்கி) திருப்பித் திரையில் பட்டை உச்சத்துக்கு ஏறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டிரிம்மரை ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டு இடங்களில் உச்சம் வருவதே சரியான அடையாளம். ஒரே இடத்தில்தான் வருகிறது என்றால் மின்தேக்கம் தன் எல்லையில் நிற்கிறது. தகடுகள் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது அந்த உச்சம் வந்தால் டி1-இன் நீண்ட சுற்றில் சுற்று போதவில்லை. முற்றிலும் விலகியிருக்கும்போது வந்தால் ஒன்றிரண்டு சுற்றைக் குறைக்க வேண்டும். உச்சமே வரவில்லை என்றால் மீண்டும் டி1-இன் எனாமலையும் திசையையும் பாருங்கள். இதன் பிறகு சமநிலையையும் கட்டம் (ஃபேஸ்) சார்ந்த இரண்டு திருத்தங்களையும் பட்டை மிகக் குறையும்படி அமைக்க வேண்டும்; வேண்டாத மறுபக்க (சைட்பேண்ட்) ஒலி மறைவது இதனால்தான். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சற்று நகரும் என்பதால் மூன்றையும் இருமுறை சுற்றி வருவது அவசியம்.

அனுப்பும் பகுதியை ஒருபோதும் ஆன்டெனாவில் முதன்முதலாகச் சோதிக்கக் கூடாது. ஒரு கிலோஓம் கால் வாட் கார்பன் மின்தடைகள் இருபதை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 5 வாட் தாங்கும், ஆன்டெனாவுக்குப் பதில் இணைக்கும் போலிச்சுமை கிடைக்கும். அதன் குறுக்கே ஒரு 1என்4148 டயோடும் 0.01 மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்த்து, மின்தேக்கியில் வரும் நேர்மின்னழுத்தத்தை அளந்து, அதன் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் வாட் கணக்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும். மீட்டர் 17 வோல்ட் காட்டினால் சுமார் 3 வாட், 22 வோல்ட் காட்டினால் சுமார் 5 வாட். பேட்டரியின் 12 வோல்ட்டில் 3 வாட்டுக்கு அருகில் வந்தாலே கருவி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். மோர்ஸ் அனுப்பும் சாவியைச் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

ஆன்டெனாவுக்கு அரை அலைநீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இரு சமக் கம்பிகள்) போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.03-க்கு அது 20.3 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 10.4 மீட்டராக வெட்டி, ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நீளத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். நடுப்பகுதியை மொட்டைமாடியில் ஒரு குழாய்க் கம்பத்திலோ தென்னையிலோ ஏற்றி, இரு முனைகளையும் சரித்து இறக்கிக் கட்டலாம். முனைக் காப்பானுக்குப் பிவிசி குழாய்த் துண்டு போதுமானது. எட்டுப் பத்து மீட்டர் உயரத்தில் இவ்வாறு கட்டினால் அலைகள் பெரும்பாலும் மேல்நோக்கிச் சென்று அயனமண்டலத்திலிருந்து திரும்புவதால், பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவு நன்றாக வரும். சூரியன் சாய்ந்த பிறகு தூர தேசங்கள் திறக்கும். மின்கம்பிக்கு அருகில் எந்தக் காரணத்துக்காகவும் கட்டக் கூடாது; இடி மழைக் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

கேட்பதில் இரைச்சல் மிகுந்திருந்தால், பேட்டரியில் கருவியை இயக்கிக்கொண்டே வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் அது உங்கள் வீட்டு எல்இடி விளக்கிலோ சார்ஜரிலோ இன்வெர்ட்டரிலோ இருந்து வருவது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்து அகற்றுவது, திறனைப் பத்து மடங்கு கூட்டுவதைவிடப் பயன் தரும். நமக்குப் பதில் தருபவரும் குறைந்த திறன்காரராக இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவில் 40 மீட்டர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. குறைந்த திறன் மோர்ஸ்காரர்கள் கூடும் இடம் 7.030. தொடங்கும்போது நாமே அழைப்பதைவிட, அழைக்கும் ஒருவருக்குப் பதில் தருவது எளிது. கருவியின் வடிகட்டி 200 ஹெர்ட்ஸ் அகலம்தான். அதன் நடு 700 ஹெர்ட்ஸ். எதிர்நிலையத்தின் ஒலி, நம் சாவியை அழுத்தும்போது கேட்கும் ஒலியின் சுருதியோடு ஒன்றும்வரை குமிழைத் திருப்பினால் அவருடைய அதிர்வெண்ணிலேயே நிற்போம். 300 ஹெர்ட்ஸ் தள்ளி நின்று அனுப்பினால், அவரும் குறுகிய வடிகட்டி வைத்திருந்தால் நம்மைக் கேட்கவே மாட்டார். நாமே அழைப்பதானால் முதலில் க்யூ.ஆர்.எல். என்று கேள்வியாக அனுப்பி, இடம் காலியா என்று காத்திருந்து, பிறகு சி.க்யூ. (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) என்று இருமுறை மூன்றுமுறை அழைத்து, அழைப்புக்குறியைத் தெளிவாக இருமுறை சொல்லி, கே (இனி நீங்கள் அனுப்பலாம்) என்று முடித்துக் கேட்க வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் வேகத்தில் இடைவெளி பிசகாமல் அனுப்பப்பட்ட மெல்லிய சிக்னல், இருபது சொல் வேகத்தில் அடித்துத் தள்ளிய பலமான சிக்னலைவிட எளிதில் படிக்கப்படும்.

பதில் வராவிட்டால் உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற தானியங்கிக் கேட்பு நிலையங்களின் வலை, சி.க்யூ. அழைப்புகளைக் கேட்டு இணையத்தில் பதிவிடுகிறது. அங்கே உங்கள் அழைப்புக்குறி எந்த நாட்டில், எத்தனை டெசிபெல்லில் கேட்டது என்று தெரிந்துவிடும். அங்கும் பல நாள் பெயர் வராவிட்டால் முதலில் ஆன்டெனா இணைப்பையும், பிறகு போலிச்சுமையில் வெளியீட்டையும் அளந்து பாருங்கள். தொடர்பு கிடைத்ததும் நாள், உலகப் பொது நேரம் (நம் நேரத்தில் ஐந்தரை மணி குறைத்து), அதிர்வெண், எதிர்நிலையத்தின் அழைப்புக்குறி, இருபக்கச் சிக்னல் மதிப்பு, அன்று பயன்படுத்திய திறன் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். எந்த மாதத்தில் எந்த நேரம் எந்தத் திசை திறக்கிறது என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்தே பின்னால் தெரிந்துகொள்ளலாம்.