எஞ்சின் ரூமுக்குள் இறங்கினால் எங்கே டார்ச் அடிப்பது?

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை சரிசெய்வது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது என்று பகலெல்லாம் வேலை நடக்கும். வேலை ஓய்ந்த சாயங்காலங்களில் ஓனர்கள் ஒருவர் படகில் ஒருவர் ஏறிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் நகை பார்ப்பதுபோலத்தான். "கீழ வா தம்பி, நம்ம எஞ்சின் ரூமப் பாரு" என்று நேராக ஏணிப் பக்கம் கூட்டிப் போய்விடுவார்கள்.

புதிதாகப் படகில் பங்கு போட்டவர்கள், செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள், மாமனார் படகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாட்டிக்கொண்ட மருமகன்கள், உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஓனர் டார்ச் அடித்துக் காட்டும் இடமெல்லாம் எப்படியும் பளபளவென்றுதான் இருக்கும். அவர் காட்டாத இடங்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

(பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பம் பக்கம் ஃபைபர் போட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.)

படி 1: காலையில் போங்கள், லுங்கியில் போகாதீர்கள்

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போக வேண்டும். முந்தின நாளே, "அண்ணே, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்" என்று சொல்லி வையுங்கள். சூடேறிய எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் அது உண்மை பேசும்.

கையில் ஒரு டார்ச், ஒரு பழைய வெள்ளைத் துணி, ஒரு நோட்டு, பேனா. உடம்போடு ஒட்டிய பேன்ட், சட்டை. லுங்கி, துண்டு, தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுற்றவைக்கும் தண்டு) பெரும்பாலும் மூடாமலே ஓடும். துணி நுனி ஒன்று மாட்டினால் ஆளையே சேர்த்து இழுத்துவிடும்.

படி 2: ஏணியில் பாதியில் நின்று மோந்து பாருங்கள்

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். லேசான டீசல் வாடை எல்லா எஞ்சின் ரூமிலும் உண்டு. கண் எரிகிற அளவுக்கு இருந்தால் எங்கோ கசிகிறது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்; அங்கே பீடி பற்ற வைப்பவர் பக்கத்தில் நிற்காதீர்கள். கருகின ரப்பர் வாடை என்றால் பெல்ட். புது பெயின்ட் வாடை மட்டும் தூக்கலாக இருக்கிறதா? அதை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

படி 3: ஹெச்பி கச்சேரி

இறங்கினதுமே ஓனர் வாயில் வரும் முதல் எண் ஹெச்பி, அதாவது எஞ்சினின் குதிரைத்திறன். "இது எவ்ளோ ஹெச்பி தெரியுமா?" என்பார். பக்கத்துப் படகுக்காரர் உடனே தன்னுடையதைச் சொல்வார். அதைவிடப் பத்து கூடத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஆர்பிஎம்ல அண்ணே?" ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. ஹெச்பி என்பது தனியாக நிற்கிற எண் அல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் எஞ்சின் அந்தச் சக்தியைக் கொடுக்கும். எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தால், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

தகட்டில் இன்னொன்றும் பார்க்கலாம். லாரிக்குச் செய்த எஞ்சினைக் கடலுக்கு மாற்றியிருக்கிறார்களா, கடலுக்கென்றே வந்ததா என்று. லாரி சிக்னலில் நிற்கும், இறக்கத்தில் சும்மா உருளும். வலையை இழுக்கிற படகுக்கு இறக்கம் ஏது? மணிக்கணக்கில் மேட்டில் ஏறுவதுபோலத்தான் ஓட்டம். லாரியில் ஓர் எஞ்சினுக்குப் போட்ட ஹெச்பியை அதே எஞ்சினைக் கடலில் வைக்கும்போது குறைத்துத்தான் போடுவார்கள். நம் பக்கத்து எண்ணூரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் கடலுக்கும் எஞ்சின் கொடுத்திருக்கிறது. அதனால் மேலே இருக்கும் பெயரை மட்டும் பார்த்து லாரி எஞ்சின் என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 100 ஹெச்பி எஞ்சின் முழுச் சக்தியில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 19, 20 லிட்டர் டீசல் குடிக்கும். எந்த டீசல் எஞ்சினானாலும் பெரிய வித்தியாசம் இராது. "நம்மளுது 150 ஹெச்பி, ஃபுல் லோடுல மணிக்குப் பத்து லிட்டர்தான்" என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு டீயைக் குடியுங்கள்.

ஆனால் குறைக்க வழி இருக்கிறது. புரொப்பெல்லருக்குத் தேவையான சக்தி, சுற்றும் வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், இறங்கும். 1800 ஆர்பிஎம்மை 1620-க்கு இறக்கினால் வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. தேவைப்படும் சக்தியோ 73 சதவீதமாகிவிடும். டீசலும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும். மீன் இடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் டிரைவர் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் பாதி லாபம் இருக்கிறது. ஓனர்கள் எஞ்சினை ஒப்பிடுகிறார்கள். டிரைவர் கையை ஒப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி விதிகள் படகு எஞ்சினுக்கு 240 ஹெச்பி என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அதற்கு மேல் பெருமை பேசுகிற எஞ்சின் ரூமில் பங்கு போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

படி 4: தரைப்பலகையைத் தூக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் அப்பாவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் படகு பார்க்கப் போனோம். எஞ்சின் ரூம் மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி இருந்தது. எஞ்சின் முழுக்க சிவப்பு, வால்வு மூடி வெள்ளி, சுவரெல்லாம் வெள்ளை, ஓரத்தில் எல்இடி விளக்கு, அம்மன் படத்துக்குப் புது மாலை. அப்பா எஞ்சினைச் சுற்றி வந்தார். நான் பத்து போட்டோ எடுத்தேன். காலுக்குக் கீழே தரைப்பலகையாகப் போட்டிருந்த செக்கர் பிளேட்டை (கோடு போட்ட இரும்புத் தகடு) இரண்டு பேருமே தூக்கிப் பார்க்கவில்லை. வாங்கிவிட்டோம்.

மூன்றாவது வாரம், நடுக்கடலில் எஞ்சின் சத்தம் மாறியது. டிரைவர் கீழே போய்ப் பார்த்தால் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) தண்ணீரை வாரி நாலா பக்கமும் அடித்துக்கொண்டிருக்கிறது. கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் ஹோஸில் இருந்த கிளாம்ப் துருப்பிடித்து அறுந்திருந்தது. அந்தத் துருவின் மேலும் அழகாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். வால்வை மூடி, வாளியால் இறைத்து, இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. ஸ்டார்ட்டர், டைனமோ இரண்டும் போயின. விற்றவரைத் திட்டி என்ன பிரயோஜனம், பலகையைத் தூக்காதது நாங்கள்.

அதனால் பலகையைத் தூக்குங்கள். ஓனர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருப்பது சகஜம். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று பாருங்கள். தெளிவாக இருந்தால் வெள்ளைத் துணி நுனியை நனைத்துப் பிழிந்து விரலில் தொட்டு, உப்பா, நல்ல தண்ணீரா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எண்ணெய் மிதந்தால் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். வானவில் நிறத்தில் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் டீசல், கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்.

ஹோஸ் ஒவ்வொன்றையும் கையால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி மீளும். செத்த ரப்பர் வெடுக்கென்று வெடிப்பு காட்டும். கடல் தண்ணீர் வரும் வழியில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயின்ட் அடித்த போல்ட்டை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பழுப்புப் பொடி உதிர்ந்தால் அது போல்ட் இல்லை, துரு.

படி 5: ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்

முதலில் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். கறுப்பு பரவாயில்லை, டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டா, ஆயில் கூலரா என்பதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மேலே ஏறி டீ குடிக்கப் போகலாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் மேலே நின்று புகையைப் பார்க்க வேண்டும். ஆறின எஞ்சினில் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, இல்லை எஞ்சினால் இழுக்க முடியாத புரொப்பெல்லரை மாட்டியிருக்கிறார்கள். பெரிய எஞ்சின் என்று காட்ட ஆசைப்பட்டுப் பெரிய புரொப்பெல்லர் போட்டவர்களை இந்தக் கரும்புகை காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே நிற்பவர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் டார்ச் அடிக்கட்டும். அங்கே கிளாண்ட் இருக்கிறது, உள்ளே கயிறு திணித்திருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிற்றையும் ஷாஃப்டையும் குளிர வைக்கிறது. "நம்ம படகுல ஒரு சொட்டு வராது" என்று ஓனர் பெருமைப்பட்டால், கிளாண்டை இறுக்கித் தள்ளியிருக்கிறார், ஷாஃப்ட் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஓடையாக ஓடினாலும் தப்பு. எஞ்சின் நின்றதும் சொட்டு நின்றுபோனால், அல்லது ஏறக்குறைய நின்றால், சரி.

ஷாஃப்டும் கியர் பாக்ஸும் சேரும் கப்ளிங் நேர்கோட்டில் இருக்கிறதா என்று (அலைன்மென்ட்) படகை ஸ்லிப்வேயில், அதாவது கரைச் சரிவில், ஏற்றி வைத்துப் பார்த்திருந்தால் அதை நம்பாதீர்கள். மரப்படகு கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். இறக்கி ஒரு நாளாவது மிதக்கவிட்டு, அப்புறம் திரும்பப் பார்க்க வேண்டும்.

கால் மணி நேரம் ஓடட்டும். சூட்டுமானி ஓர் இடத்தில் ஏறி நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போகக் கூடாது.

படி 6: காற்று, வயர்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ டீசல் எரியக் குறைந்தது 14, 15 கிலோ காற்று வேண்டும். 100 ஹெச்பி எஞ்சின் முழுச் சக்தியில் ஓடினால் மணிக்கு 200 கன மீட்டர் காற்றுக்கு மேல் குடிக்கும். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள அறையை ஏழு நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். காற்று வரும் வழியில் பழைய வலையையும் தெர்மாகோல் பெட்டியையும் அடைத்து வைத்திருப்பதை எத்தனை படகில் பார்த்திருக்கிறேன்! அறை கொதிக்கிறது, எஞ்சின் இழுக்கவில்லை என்று புலம்புவார்கள், மேலே போய்ப் பெட்டியை நகர்த்த மாட்டார்கள்.

வயர்கள் தொங்கக் கூடாது, புகைக்குழாய் பக்கத்தில் போகக் கூடாது. பேட்டரியைக் கட்டி வைத்திருக்க வேண்டும். எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணி மூலையில் குவிந்திருந்தால், தீயணைப்பு சிலிண்டர் எங்கே என்று கேளுங்கள். "மேல எங்கயோ இருக்கும்" என்றால், இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: ஒப்பிடுவது வீட்டில், படகில் அல்ல

ஓனர் முன்னால் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அது வீட்டுப் பூஜை அறை மாதிரி. "சூப்பரா இருக்குண்ணே, கிளாண்டு கயிறு எப்போ மாத்துனீங்க?" என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வார். எந்த மெக்கானிக்கும் சொல்லாத விஷயமெல்லாம் அதில் வரும்.

வீட்டுக்கு வந்து, பார்த்த படகுகளை நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெயின்ட் வேண்டாம், ஹெச்பிகூட அப்புறம்தான். போன சீசனில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் போனது, கடைசியாக ஆயில் எப்போது மாற்றினார்கள், பலகைக்கு அடியில் என்ன தண்ணீர். இதற்கெல்லாம் கணக்கு நோட்டைப் பார்த்துப் பதில் சொல்கிற ஓனரின் படகு, எஞ்சின் மேல் கரி படிந்திருந்தாலும், என் பட்டியலில் மேலே போகும்.

எங்கள் படகில் இப்போது தரைத்தகடு ஒன்றை நான் எப்போதும் கழற்றியே வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் அதில் கால் விட்டுக்கொள்கிறார்கள் என்று தடைக்காலம் முழுக்க அப்பாவிடம் திட்டு வாங்குகிறேன்.