சிற்றூர் வானொலி ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர் வானொலி நிலையம் ஒன்றைப் பற்றி எழுத முற்படுகிறவர், அறிவிப்பாளருக்கு முன்பாக உரிமையாளரைத் தேடுவது நல்லது. நாள்தோறும் கேட்ட குரலை ஊர் தானாகவே நினைவில் வைத்திருக்கும். சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் விளம்பரம் தேடி அலைந்தவரையோ பெரும்பாலும் காகிதங்களில்தான் கண்டெடுக்க வேண்டும்.

ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலினா நகரில் 1941இல் தொடங்கிய கே.எஃப்.எஃப்.ஏ. நிலையம் இதற்குச் சான்று. 'கிங் பிஸ்கட் டைம்' என்ற அதன் ப்ளூஸ் இசை நிகழ்ச்சியை 1951 முதல் பல்லாண்டுகள் நடத்திய சன்னி பெய்னைப் பலர் அறிவர். ஆனால், ப்ளூஸ் இசைக்கலைஞர்களான சன்னி பாய் வில்லியம்சனும் ராபர்ட் லாக்வுட்டும் வாய்ப்புக் கேட்டு வந்தபோது, விளம்பரதாரர் இல்லாமல் நிகழ்ச்சி நடக்காது என்று கூறி, மாவு வணிகரான மேக்ஸ் மூரிடம் அவர்களை அனுப்பியவர் நிலைய உரிமையாளர்களில் ஒருவரான சாம் ஆண்டர்சன். அந்த நிகழ்ச்சியின் பெயரே மூர் விற்ற மாவின் பெயர்தான்.

உரிமம் யார் பெயரில் இருந்தது, எப்போது கைமாறியது, அலைவரிசையும் ஆற்றலும் எவ்வளவு என்பனவற்றை அறிய, அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமம் வழங்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. இணையத்தில் வைத்துள்ள பழைய நிலைய வரலாற்று அட்டைகளைப் பார்க்கவும். அவை 1927 முதல் ஏறத்தாழ 1980 வரையிலானவை. நினைவுகளைச் சரிபார்க்கவும் அவை உதவும். மத்திய அலை இரவில் வெகுதொலைவு சென்று பிற நிலையங்களுக்கு இடையூறு செய்யும் என்பதால், பல சிறு நிலையங்களுக்குப் பகல்நேர உரிமம் மட்டுமே கிடைத்தது. அத்தகைய நிலையத்தில் நள்ளிரவுப் பாடல் கேட்டதாக ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவர் வேறொரு நிலையத்தைக் கேட்டிருக்கக்கூடும்.

நேர்காணலுக்கு முன்னாள் ஊழியர்களோடு நின்றுவிடாமல், விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களின் குடும்பங்களையும் அணுக வேண்டும். விளம்பரக் கட்டணத்தைப் பணமாகக் கொடுத்தார்களா, சரக்காகக் கொடுத்தார்களா, பாக்கியை வசூலிக்க உரிமையாளரே வருவாரா என்று கேட்டால், அவருடைய குணம் தானே வெளிப்படும். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்ற பொதுவான கேள்விக்குப் புகழுரைதான் கிடைக்கும்.

பழைய ஒலிநாடா கிடைத்தால் ஆர்வத்தில் உடனே ஓடவிடக் கூடாது. 1970களிலும் 80களிலும் தயாரான சில நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓடவிட்டால் காந்தப்பூச்சு உரிந்து, பதிவு நிரந்தரமாக அழியலாம். அவற்றை மிதமான வெப்பத்தில் பதப்படுத்தி மின்னணுப் பிரதி எடுக்கத் தெரிந்த வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. நாடாப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்பான தேதி வேறெங்கும் பதிவாகாமல் போயிருக்கலாம்.